ஒரு போன், இரண்டு பேட்டரி

அந்த வாசனை மூக்குக்கு வரவில்லை, நேராகத் தொண்டைக்கு வந்தது. பசை சூடாகி இளகும்போது எழுகிற காட்டம். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் பெட்ரோல், அடியில் கருகிய ரப்பர். போன வாரம் மெயின் பஜாரில் ஒரு செல்போன் கடை முன்னால் நின்றிருந்தேன், மனைவியின் போனுக்கு மேல்கண்ணாடி ஒட்டுவதற்காக. கடைக்காரர் வேறு யாருடைய போனையோ ஒரு சின்னச் சூட்டுத்தட்டின் மேல் குப்புறக் கிடத்தியிருந்தார். ஜுரம் கண்ட குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல அடிக்கடி புறங்கையால் அதன் முதுகைத் தொட்டார். பிறகு நகத்தைவிட மெல்லிய தகடு ஒன்றை விளிம்பில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் அறுத்தார். முதுகு பிரிந்தது. வாசனை வந்தது.

"பேட்டரி மாத்தறதுக்கா இவ்வளவு?" என்றேன்.

"இப்பல்லாம் இப்படித்தான் சார். அவன் ஒட்டி அனுப்பறான், நாங்க உக்காந்து பிரிக்கறோம்."

கண்ணாடி ஒட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி ஏன் என்று கேட்டாள். கூட்டமாக இருந்தது என்றேன். கூட்டமெல்லாம் இல்லை.

ஒட்டுவதும் பிரிப்பதும் எனக்குப் புதிதல்ல. சுரங்கத்தில் காண்டிராக்ட் ஆளாக பெல்ட் ஜாயிண்ட் போட்டுக்கொண்டிருந்தவன் நான். பூமிக்குள்ளிருந்து மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு மைல்கணக்கில் ஓடுகிற ரப்பர் பெல்ட்; ஒரு ஆள் குறுக்கே படுத்துக் கையை நீட்டினாலும் மறுகரை எட்டாத அகலம். அதற்குள் நரம்புபோல எஃகுக் கம்பிகள். பெல்ட் அறுந்தால் இரண்டு முனையிலும் ரப்பரை உரித்துக் கம்பிகளை வெளியே எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவில் அந்தப் பக்கத்துக் கம்பிகளைப் படுக்க வைத்து, சொல்யூஷன் என்று நாங்கள் சொல்கிற பசையைத் தடவி, இன்னும் வேகாத பச்சை ரப்பர் விரித்து, மேலும் கீழும் இரும்புப் பிரஸ் வைத்து இறுக்கிச் சுட வேண்டும். வெந்து ஆறி வெளியே வரும்போது எங்கே சேர்ந்தது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அது ஜாயிண்ட் இல்லை, ஒட்டு.

ஒரு ஜாயிண்ட் ஒரே பொழுதில் முடியாது. காலை ஆறு மணிக்கு இறங்கிய கும்பல் பாதியில் விட்டுவிட்டு மாலை ஆறு மணிக்கு மேலே ஏறும். மற்ற கும்பல் அந்தப் பாதியிலிருந்து தொடங்கும். என்னை மாற்றிவிட வருகிறவன் என் ரிலீவர், அவனுக்கு நான் ரிலீவர். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரன் அவன், நான் கம்மாபுரம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். பங்காளி என்று கூப்பிடுவான், நானும் அப்படியே கூப்பிடுவேன், சொந்தமெல்லாம் கிடையாது. வருஷக்கணக்கில் நாங்கள் ஒரே வேலையைச் செய்தோம், ஆனால் சேர்ந்து செய்ததே இல்லை. அவன் வரும்போது நான் போவேன். நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அந்த டீ குடிக்கிற நேரத்தில்தான் ஒருநாள் ஒரு போன் வாங்குவதென்று முடிவு செய்தோம். இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கம். டவுன்ஷிப்பில் பெர்மனென்ட் ஆட்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு டச் போனைத் தேய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள். எங்களால் ஆளுக்குப் பாதிதான் முடிந்தது. பாதிப் பாதி போட்டு ஒன்று வாங்கினோம்.

இன்று பார்த்தால் சிரிப்பு வரும். சோப்புக்கட்டி கனம். மூன்று விரல் அகலத்துக்குத் திரை. கீழே நடுவில் அமுக்கினால் டக்கென்று பதில் சொல்கிற ஒரு பொத்தான். உச்சந்தலையில் இயர்போன் துளை. முதுகில் ஒற்றைக் கேமரா, அது எதை எடுத்தாலும் மழைக்குள் எடுத்ததுபோல இருக்கும். முதுகு மூடி பிளாஸ்டிக். அதன் ஓரத்தில் நகம் போகிற அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தை யோசித்து வைத்த ஆள் யாரோ எவரோ, நல்லவர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வேண்டுமென்றால் திறந்து பார்த்துக்கொள் என்று ஒரு பொருள் மனுஷனுக்குத் தந்த மரியாதை அது. அதற்கப்புறம் எந்தப் பொருளும் எனக்கு அந்த மரியாதையைத் தரவில்லை.

எங்கள் ஏற்பாடு இப்படி. உடம்பு பொது. பேட்டரி, சிம், மெமரி கார்டு மூன்றும் அவனவனுக்குத் தனி. மேலே ஏறுகிறவன் மூடியை நகத்தால் நெம்பி, தீர்ந்துபோன தன் பேட்டரியையும் சிம்மையும் கார்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறும் கூட்டை நீட்டுவான். இறங்குகிறவன் சார்ஜ் ஏறிய தன் பேட்டரியைப் போட்டு அதற்கு உயிர் கொடுப்பான். பேட்டரியை மட்டும் கவ்விப் பிடித்துச் சார்ஜ் ஏற்றுகிற சின்னப் பெட்டி இரண்டு வீட்டிலும் இருந்தது. சிம்மைப் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு பழைய பட்டன் போன். ஜாயிண்ட் இல்லாத நாட்களில் எங்களை வேறு வேறு பெல்ட்டுக்குப் பகல் வேலைக்குப் பிரித்துவிடுவார்கள். அப்போது போன் ஒருநாள் அவன் வீட்டில் தூங்கும், ஒருநாள் என் வீட்டில்.

"ஒரே போனை ரெண்டு பேரு கட்டிக்கினு குடும்பம் நடத்தறீங்க. வெளிய சொல்லாத, மானம் போவுது" என்பாள் என் மனைவி.

ஆனால் அது வேலைக்கும் ஆயிற்று. பாதி ஜாயிண்ட்டை ஒப்படைக்கும்போது வாயால் சொன்னால் பத்தாது. எந்தக் கம்பி எங்கே படுத்திருக்கிறது, எது முரண்டு பிடிக்கிறது, எங்கே சொல்யூஷன் இரண்டாம் பூச்சு காயவில்லை, எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துவிட்டுப் போவோம். அந்தப் படங்களை மட்டும் கார்டில் வைக்காமல் உடம்புக்குள் வைத்தோம், அடுத்தவன் பார்க்க வேண்டுமே. நிறைந்துபோனால் இருவர் கார்டிலும் ஏற்றிக்கொள்வோம்.

"பாரு பங்காளி, நாலாவது கம்பி எகிறிக்கினு நிக்குது, கழுத்துல வெறைப்பு புடிச்ச மாமியா மாரி. அத்த அமுக்கி வெய்யி. இல்லன்னா காலையில எம் மூஞ்சில முழிக்காத" என்பான் அவன்.

"நீ மொதல்ல கத்தியைத் தீட்டி வெச்சிட்டுப் போனியா? நேத்து அதை வெச்சு வெண்ணெயைக் கூட வெட்ட முடியல."

"வெண்ணெ வெட்டறவனுக்கு இன்னாத்துக்குக் கத்தி?"

படங்களில் முகம் வராது, கைதான் வரும். இடது பெருவிரலில் துணி சுற்றிய கை என்னுடையது. வேறு கும்பல்களுக்கு அந்தப் படங்களைக் காட்ட மாட்டோம், எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் போட மாட்டோம். கம்பி படுக்க வைப்பதில் எங்களுக்கென்று ஒரு வரிசை இருந்தது. அது எங்களோடு இருக்கட்டும் என்று ஒரு வீம்பு.

அந்தப் போன் விழாத நாளில்லை. விழுந்தால் மூடி ஒரு திசை, பேட்டரி ஒரு திசை, உடம்பு ஒரு திசை தெறிக்கும். கரித்தூளில் கைவிட்டுத் துழாவிப் பொறுக்கிச் சேர்த்தால் ஒன்றும் நடக்காததுபோல விழித்துக்கொள்ளும். கழன்றுபோகத் தெரிந்திருந்ததால் அது உடையவில்லை. நாலைந்து வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஒருநாள் திரை வெளுத்தது, கடைசிவரை வெளுப்பாகவே இருந்தது.

இரண்டாவது போனையும் பாதிப் பாதி போட்டுத்தான் வாங்கினோம். அதற்குள் ஆளுக்கொன்று வாங்கக்கூட முடிந்திருக்கும். ஏனோ இருவருக்கும் அது தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கடையில் அவன் புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூடி எங்க?"

"மூடியா? இது ஒரே பாடிண்ணா. திறக்காது."

"பேட்டரி?"

"உள்ள இருக்கு."

"எடுக்கறதுன்னா?"

"எதுக்குண்ணா எடுக்கணும்?" என்றார் கடைக்காரர், உண்மையாகவே புரியாமல்.

நகம் போகிற பள்ளம் இல்லை. விளிம்பெல்லாம் வழவழவென்று, பிடிக்கப் போனால் நழுவுகிற உலோகம். மெலிவு மெலிவு என்று அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். இரண்டு தீப்பெட்டி கனத்தை இழைத்து எடுப்பதற்காக மனுஷன் விரல் நுழைகிற இடத்தை அடைத்திருந்தார்கள். சிம் போட ஒரு ஊசி கொடுத்தார்கள். துளையில் குத்தினால் ஒரு சின்னத் தட்டு நாக்கை நீட்டும். அதில் இரண்டு குழி. ஒன்றில் ஒரு சிம். மற்றதில் இன்னொரு சிம் வைக்கலாம், அல்லது மெமரி கார்டு வைக்கலாம். இரண்டும் கூடாது. இருவர் பேச வேண்டுமானால் நினைவுக்கு இடமில்லை. நினைவு வேண்டுமானால் ஒருவன் வெளியே போக வேண்டும். எங்கள் விஷயம் தெரிந்து யாரோ வரைந்ததுபோல இருந்தது அந்தத் தட்டு. இருவர் சிம்மையும் போட்டோம். பழைய கார்டுகளில் இருந்த ஜாயிண்ட் படங்களையெல்லாம் போனுக்குள் ஏற்றிவிட்டு, கார்டுகளை அழித்து, பாட்டு ஏற்றி, அவரவர் வீட்டுப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டோம்.

முதுகில் வட்டமாக ஒரு குழி. விரலை வைத்தால் திறக்கும் என்றார்கள். அவன் விரலை உடனே ஏற்றுக்கொண்டது. என்னுடையதை ஏற்கவில்லை.

"அழுத்தி வெய்யி பங்காளி."

"அழுத்திக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

"ஒடம்புல தண்ணி வத்திப் போச்சா? தொடச்சிட்டு வெய்யி." துடைத்தேன். எச்சில் தொட்டு வைத்தேன். போன் நடுங்கி நடுங்கி மாட்டேன் என்றது. அவன் என் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ரேகையே இல்லியே! இத்த ஜோசியக்காரங்கிட்ட நீட்டினா, நீ பொறக்கவே இல்லன்னு சொல்லிடுவான்."

சொல்யூஷன் தடவுவது பெரும்பாலும் என் கை. அது ரேகையைத் தின்றுவிட்டிருந்தது. நான் எண் அழுத்தித் திறக்க வேண்டும், அவன் தொட்டால் போதும். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு வீட்டின் கதவு ஒருவனுக்குத் தானாகத் திறப்பதையும் இன்னொருவன் நின்று தட்டுவதையும் தினம் பார்த்தால், கொஞ்ச நாளில் வீடு யாருடையது என்று தட்டுகிறவனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

பேட்டரியைப் பிரிக்க முடியாமல் போனதும் எங்கள் ஏற்பாடு குலைந்தது. மேலே ஏறுகிறவன் தீர்ந்துபோன போனைக் கொடுப்பான், இறங்குகிறவனுக்கு அது செத்த பொருள். சார்ஜ் போட்டுக் கொடு என்று முதல் தடவை சண்டை வந்தது. அவன் பெண்டாட்டி அழைத்தால் என் கையில் மணி அடிக்கும். என் மனைவியின் வசவை அவன் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை என்னிடம் சொல்வான், "உன் பங்கு ரெண்டு திட்டு வந்துச்சு, எறக்கி வெச்சிருக்கேன், வாங்கிக்க." சிரித்தோம். முன்னால் சிரித்த சிரிப்பு இல்லை அது.

இப்படி இருக்கும்போதுதான் கடலூரிலிருந்து ஒரு ஏஜென்ட் பேச்சு வந்தது. வளைகுடாவில் ஒரு சிமெண்ட் கம்பெனிக்குப் பெல்ட் ஜாயிண்ட் தெரிந்த ஆட்கள் வேண்டும். எங்களிடம் சர்டிபிகேட் கிடையாது. காண்டிராக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் நாங்கள் நேற்றுச் சேர்ந்த ஆள். ஏஜென்ட் அதற்கெல்லாம் பழகியவர்.

"காகிதம் வேணாம்ணா. வேலை செஞ்ச படம் இருந்தா போதும். உரிக்கறதுலேர்ந்து பிரஸ் எடுக்கற வரைக்கும். மாசக் கடைசிக்குள்ள குடுங்க. ஆனா நாப்பத்தஞ்சு தாண்டினா எடுக்க மாட்டாங்க."

அவனுக்கு அந்த வரம்பு தூரத்தில் இருந்தது. எனக்கு அடுத்த தீபாவளியில். இந்த ஆள் எடுப்பு போனால் எனக்கு இன்னொன்று கிடையாது. இந்தப் பெல்ட்டுக்கடியிலேயே கிடந்து முடிய வேண்டியதுதான். எங்களிடம் படம் இருந்தது. இத்தனை வருஷத்து ஜாயிண்ட்டும் அந்தப் போனுக்குள் இருந்தது. ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம், அங்கேயும் நீ ஏறு நான் இறங்கறேன் என்று பேசிக்கொண்டோம். வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி களைய உட்கார்ந்தாள். அன்றைக்கு வழக்கத்தைவிட நிறையக் களைந்தாள்.

அந்த வாரமே போன் வீங்கியது. முதலில் திரையின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டது, வெற்றிலை காய்ந்து சுருளுவதுபோல. பிறகு அணைந்தது, எழவில்லை. பழைய போனாக இருந்தால் வீங்கிய பேட்டரியை எடுத்துக் குப்பையில் எறிந்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டிருப்போம். ஒரு நகம் போதும். கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பாண்டிச்சேரியிலிருந்து பேட்டரி வர வேண்டும், சூடு காட்டிப் பிரிக்க வேண்டும், ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும், உள்ளே இருக்கிற படத்துக்கு நான் பொறுப்பில்லை என்றார். ஏஜென்ட் சொன்ன கெடு அதற்குள் முடிந்துவிடும்.

அந்த மாதம் எங்களுக்கு ஜாயிண்ட் எதுவும் வரவில்லை, புதிதாகப் படமெடுக்க. கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிற சின்னப் பிரஸ் மட்டும் என்னிடம் இருந்தது. ஒருநாள் மதியச் சோற்று நேரத்தில் அவன் தன் பெல்ட்டை விட்டு என்னிடம் நடந்து வந்தான். போன் அவன் சட்டைப்பையில் இருந்தது.

"பிரஸ் சூடு ஆறிடுச்சா?"

"ஆறிக்கிட்டு இருக்கு. எதுக்கு?"

"கடைக்காரன் இன்னா சொன்னான்? சூடு காட்டிப் பிரிக்கணும்னான். பெல்ட்டையே பிரிக்கறோம் பங்காளி, இத்தப் பிரிக்க மாட்டமா?"

அவன் சொன்னபோது அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஒட்டினது எதுவானாலும் சூட்டுக்குப் பணியும் என்பது எங்கள் வேலை தந்த நம்பிக்கை. ஊரில் வேறு எவனும் அதைச் செய்யத் துணிந்திருக்க மாட்டான். எங்களுக்குத் துணிவுகூடத் தேவைப்படவில்லை. அவன் தட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தான், அது பொரியாமல் மெல்லக் காய்ந்தது. போதும் என்றான். கோணித்துணியை மடித்துப் போட்டு அதன் மேல் போனைக் குப்புற வைத்தான். வாசனை வந்தது. இளகுது, இளகுது என்றான். ரப்பர் உரிக்கிற கத்தியை எடுத்தான். பெல்ட்டில் அந்தக் கத்தி விரல் ஆழம் இறங்கலாம். இங்கே முடி ஆழம்தான் இடம்.

சைக்கிள் டியூபில் காற்றுப் போவதுபோல ஒரு சீற்றம். வெள்ளைப் புகை. பிறகு தீ, நீலமும் வெள்ளையுமாக, அவ்வளவு சின்னப் பொருளுக்குள்ளிருந்து அவ்வளவு கோபம். அவன் கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தான். நான் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். தீ அணைந்த பிறகும் மண்ணுக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"உள்ள சிப்பு நல்லா இருக்கும்" என்றான் குத்த வைத்து உட்கார்ந்தபடி. "சிப்புக்கு ஒண்ணும் ஆயிருக்காது, இல்ல?"

கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருல இதைக் கரின்னு சொன்னா வேணா யாராச்சும் எடுத்துப்பாங்கண்ணா" என்றார்.

மாதக் கடைசியில் கடலூருக்குப் போய் ஏஜென்ட் முன்னால் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். இரண்டு கையையும் அவர் மேஜை மேல் வைத்தேன். வேலையை இதில் பாருங்கள், ரேகை தேய்ந்துபோனதைப் பாருங்கள், எந்தப் படம் இதைவிடச் சொல்லும் என்றேன். அவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"கையை எப்படிண்ணா மெயில்ல அனுப்பறது?"

வெயில் ஏறின ஒரு நாள் அவன் என்னை பஜார் டீக்கடைக்குக் கூப்பிட்டான். புதுச் சட்டை. சர்க்கரை கம்மி என்று அவனே எனக்கும் சேர்த்துச் சொன்னான். பிறகு ஒரு போனை எடுத்தான். முதுகும் கண்ணாடி, முகமும் கண்ணாடி. பொத்தான் இல்லை. இயர்போன் துளை இல்லை. திரையின் நெற்றியில் எலி கடித்ததுபோல ஒரு வெட்டு. முதுகில் இரண்டு கேமரா, கொப்புளம் மாதிரி வெளியே துருத்திக்கொண்டு. எங்கேயும் திறக்க வழியில்லாத ஒரு பொருள், பார்க்கப் போனால் ரொம்ப அழகு.

"விசா வந்துடுச்சி பங்காளி" என்று திரையை என் பக்கம் திருப்பினான்.

படமே இல்லாமல் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் பெருவிரல் பதற்றத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. விசா ஓடிப்போய் ஒரு ஜாயிண்ட் வந்தது. இன்னொன்று. கம்பி வரிசை எங்களுடையது. அடுத்ததில் துணி சுற்றிய பெருவிரல்.

"இது எப்ப வாங்கினது?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "பொங்கலுக்கு முன்னாடி."

எங்கள் போன் எரிந்தது பங்குனியில்.

"அப்பவே படத்தையெல்லாம் இதுல ஏத்திட்டியா?"

"ஒருநாளு ஒயரு போட்டு ஏத்தி வெச்சேன். சும்மாதான்."

"ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? தனியா ஒண்ணு வாங்கிட்டேன், நம்ம போனு எனக்கு வாணாம்னா? நீ அத்தையே கட்டிக்கினு கெடந்த."

"அப்போ அந்தப் போனை எதுக்குப் பிரிச்ச? உங்கிட்டதான் இருந்ததே."

"உனக்குத்தான் பங்காளி." நிமிர்ந்து பார்த்தான். அது பொய்யில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். "எங்கிட்ட இருந்துச்சு, உங்கிட்டதான் இல்ல. அதுலேர்ந்து எடுத்துக் குடுத்துட்டா நானும் சொல்ல வாணாம், நீயும் கேக்க வாணாம்னு பாத்தேன்."

"எரிஞ்ச பிறகு?"

"எரிஞ்ச பெறவு சொன்னா நம்புவியா? வேணும்னே கொளுத்திட்டான்னு சொல்ல மாட்ட?" டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னான். "அதுவும் இல்லாம, அப்போ ஒரு எடந்தான் பாக்கின்னான் ஏஜென்ட்டு."

நான் டீயைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது.

பழியைப் போன் மேல் போட்டுவிட்டால் சுலபம். பல தடவை போட்டும் பார்த்தேன். மூடியை எடுத்தார்கள், பேட்டரியை உள்ளே வைத்துப் பூசினார்கள், கார்டுக் குழியில் கை வைத்தார்கள், பொத்தானை எடுத்தார்கள், துளையை அடைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒன்று குறைந்த பொருளை முன்னைவிட உயர்ந்தது என்று கொடுத்தார்கள், நாமும் வரிசையில் நின்று வாங்கினோம். தண்ணீர் உள்ளே போகாது என்றார்கள். வேறு எதுவும்தான் போகாது. ஆனால் எந்தப் போனும் யாரையும் வாய் மூடச் சொல்லவில்லை. ஒயரை மாட்டிப் படங்களை ஏற்றிய அந்த ஒருநாள், எனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம். அதற்கு நகப் பள்ளம் தேவையில்லை. ஒன்றைத் திறக்கவே முடியாதபடி ஒட்டிவிடுவது அழகு என்று உலகமே பழகிக்கொண்டிருந்தது, அவனும் பழகினான். ஆளை அப்படி ஒட்டிவிட முடிகிறது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுரங்கத்து கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் இங்கிருந்தே சென்னை பஸ் ஏறினான். வழியனுப்பப் போக வேண்டாம் என்று மனைவி சொன்னாள். போனேன். பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், பக்கத்து ஆள் மடியில் பை வைத்திருந்ததால் முடியவில்லை.

"எல்லாப் படத்தையும் உனக்கு அனுப்பறேன் பங்காளி. ஒண்ணு வுடாம."

"எங்கிட்ட இப்போ பட்டன் போனு. படம் ஏறாது."

அவன் தலையசைத்தான். கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"இன்டர்வியூ எப்படிப் பண்ணாங்க?"

"வீடியோவுலதான். ஒருத்தன் வந்தான். படத்தையெல்லாம் ஒண்ணொண்ணாக் காட்டச் சொன்னான்."

"என் கை வர்றதையுமா?"

"ம்."

"யாரு கைன்னு கேக்கலியா?"

இன்ஜின் ஓட ஆரம்பித்தது. ஜன்னல் கம்பி அவன் விரலுக்கடியில் அதிர்ந்தது.

"கேட்டான்."

"என்ன சொன்ன?"

அவன் ஜன்னல் வழியாக என் பக்கம் கையை நீட்டினான். நான் என் கையை நீட்டவில்லை.

"ஹெல்பர்னேன் பங்காளி."

பஸ் பின்னால் நகர்ந்து ஒடித்துத் திரும்பியது. பக்கத்தில் நின்ற இன்னொரு பஸ்ஸின் விலா நெருங்கிக்கொண்டே வந்தது. அவன் கை இன்னும் வெளியேதான் இருந்தது.

"கைய உள்ள எடுத்துக்க" என்றேன். "பஸ்ஸு திரும்புது."